மதிலோடு நின்று பத்து எண்ணியது

வட்டுக்கோட்டை,
செவ்வாய்க்கிழமை.

பிரிய மருமகள் நிமலினிக்கு,

தேவகிருபையால் நானும் மாமி பியாட்றிஸும் சுகம். மட்டக்களப்பில் உன் சுகத்துக்காகவும், உன்னிடம் வைத்தியத்துக்கு வரும் முதுகுகளின் சுகத்துக்காகவும் மன்றாடுகிறோம்.

பிள்ளை, போன மாதம் வந்தபோது, முப்பது வருடம் கந்தோர்க் கோப்புக்குள் விட்ட தலையை இப்போது போனுக்குள் விட்டிருக்கிறீர்கள், கழுத்து நோகாமல் என்ன செய்யும் என்று ஏசினாய். குதிக்கால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரில் பட நின்று, முகத்து நாடியை மெல்ல உள்ளே இழுத்துப் பத்து எண்ணச் சொன்னாய். வீட்டில் வெறுஞ்சுவர் எங்கே இருக்கிறது? ஒன்றில் அலுமாரி, ஒன்றில் வேதவசனக் கலண்டர், மற்றதில் மாமியின் தையல் மெசின். ஆகவே எல்லை மதிலுக்குப் போனேன். அந்த மதில் தன் காணிக்குள் நிற்கிறது என்று பக்கத்துவீட்டு இராசநாயகத்தார் சொல்ல, நான் இல்லையென்று சொல்ல, பதினொரு வருடமாக எங்களுக்குள் கதை இல்லை என்பது உனக்குத் தெரியும்.

பயிற்சி செய்வது வீட்டுக்குள் மாமிக்குக் கேட்க வேண்டுமென்று உரத்துத்தான் எண்ணினேன். அந்தப் பக்கம் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்ட மனிதருக்கு ஆள் தெரியாது, எண்ணுவது மட்டும் கேட்கும். எல்லையில் ஒருவன் ஒன்று, இரண்டு என்று எண்ணினால் எங்கள் ஊரில் என்ன நினைப்பார்கள்? காணி அளக்கிறான் என்றுதான். மூன்றாம் நாள், ஊர்க் காணிப் பிணக்குப் பார்க்கிற விதானையாரோடும் அளவு நாடாவோடும் படலையில் வந்து நின்றார்.

"உதில நிண்டு என்ன எண்ணுறியள்?"

பதினொரு வருடத்தில் முதல் வார்த்தை! சந்தோஷத்தில் எனக்குப் பயப்படவும் மறந்துபோனது.

"கழுத்து நிமிர்த்திறன், அண்ணை."

"இவ்வளவு நாளும் நிமிராத கழுத்து இப்ப ஏன் நிமிருது?"

நின்று காட்டினேன். விதானையாரும் ஆசைப்பட்டுப் பக்கத்தில் நின்று, ஐந்து எண்ணுவதற்குள் "ஐயோ, சுகமாய்க் கிடக்கு" என்றார். இராசநாயகத்தார் நம்பவில்லை. என் குதிக்கால் மதிலைத் தள்ளுகிறதா என்று குனிந்து பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். காலமெல்லாம் வெங்காயத்துக்குக் குனிந்த முதுகு பிடித்துக்கொண்டது. நாங்கள் இருவரும் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, அங்கே டொக்டர் பார்த்த பிறகு வந்த பிசியோதெரபிப் பிள்ளை, இனிமேல் முழங்காலை மடக்கி இருந்து வெங்காயம் பிடுங்குங்கள் என்றா. நோ குறைந்ததும் செய்யச் சொல்லி அவ செய்து காட்டியது என்ன தெரியுமா? அதே சுவர்ப் பயிற்சி!

இப்போது காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நான் ஒன்று என்றால் அவர் இரண்டு என்கிறார். இடையில் ஊர்க்கதை புகுந்துவிட்டால் பத்துக்குப் போய்ச் சேர அரை மணித்தியாலம் ஆகிறது. கழுத்து நோ குறைந்துவிட்டது. அதைவிட, அந்த மனிதர் திரும்பக் கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம், பிள்ளை.

உன் கைகளையும், அந்தக் கைகளுக்கு வரும் முதுகுகளையும் ஆண்டவர் நேராக வைத்திருப்பாராக.

உன் மாமா,
கிளரன்ஸ்

பி.கு.: இராசநாயகத்தார் அன்றைக்கு விட்டுப்போன நாடாவால் நேற்றுச் சும்மா அளந்து பார்த்தேன். காணி உறுதிப்படி பார்த்தால் மதில் அரை அடி அவருடைய காணிக்குள்தான் நிற்கிறது. மாமிக்கு இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலை பத்து எண்ணி முடிந்ததும் அவரிடம் சொல்லிவிடுவதென்று தீர்மானித்திருக்கிறேன். ஆனபடியால், இந்தப் பயிற்சியை ஆயிரம் வரை எண்ணிச் செய்யலாமா என்று உடனே அறியத் தரவும்.