சதவீத மாமாவும் அறுபது பார்சலும்

பழுகாமத்தில் மனிதரை முழுசாகப் பார்க்காத ஒரே ஆள் சதவீத மாமாதான். செத்த வீட்டுக்கு வந்தாலும், "நூற்றுக்கு அறுபது பேர் அழுறாங்க, எழுபது பேர் போன் பாக்காங்க. அப்ப முப்பது பேர் ரெண்டும் செய்றாங்க" என்பார்.

நான் ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சமையல் தொழில் தொடங்கியபின், உப்புப் போட்டேனா என்ற பயம் அடங்கினால் சோறு எல்லாருக்கும் காணுமா என்ற பயம் எழும்பும்.

முதல் பெரிய ஓடர், வெள்ளாமைச் சங்கமும் மீனவர் சங்கமும் சேர்ந்து வைத்த கூட்டத்துக்கு. கணக்குப் பிழைத்தால் இந்த ஊரில் இனி எவரும் என்னைச் சமைக்கக் கூப்பிடமாட்டார்கள். கூட்டத்தை நடத்தும் தலைவர் போனில், "வெள்ளாமைக்காரர் நாப்பத்திரண்டு, மீன்காரர் முப்பது. மொத்த ஆக்களில நூற்றுக்கு இருபது பேர் ரெண்டிலயும் இரிக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எழுபத்திரண்டா? இருபதைக் கழித்து ஐம்பத்திரண்டா? மாமாவைக் கூப்பிட்டேன். மாமா குசினிச் சுவரில் அடுப்புக்கரியால் 'எக்ஸ்' போட்டார்.

"நூற்றுக்கு இருபது பேரை நீ ரெண்டுதரம் எண்ணிப்போட்டாய் மனே. அப்ப எழுபத்திரண்டு எண்டது நூற்றிருபது வீதம். நூறு வீதம் அறுபது. ரெண்டிலயும் இரிக்கிறவன் பன்னிரண்டு பேர். அவனுக்கும் வயிறு ஒண்டுதானே?"

அறுபது சோற்றுப் பார்சல் கட்டினேன்.

கூட்டத்தில் சங்கத்துக்கொரு மேசை, மேசைக்கொரு வரிசை. அந்தப் பன்னிரண்டு பேரும் இரண்டு வரிசையிலும் நின்று ஆளுக்கு இரண்டு வாங்கினார்கள். பார்சல் முடிந்தது, வேறு பன்னிரண்டு பேர் வெறுங்கையோடு என்னையே பார்த்தார்கள். நான் மாமாவைத் தேடினேன். அவர் மடியிலும் இரண்டு.

"மாமா, நீங்களுமா?"

"கணக்கு வேற மனே, உரிமை வேற. நான் ரெண்டுக்கும் சந்தா கட்டுறன்."

என் கண் கலங்கியதைப் பார்த்தாரோ என்னவோ, உட்கார்ந்திருந்த கதிரையில் ஏறி நின்றார்.

"ரெண்டு வைச்சிரிக்கிறவன் ஒண்டைத் திருப்பிக் குடு. இல்லாட்டி எந்தச் சங்கத்த விட்டு விலகுறாய் எண்டு சொல்லு."

அவருடைய ஒன்றோடு பதினொன்று திரும்பியது. ஒருவர் இரண்டையும் தின்று முடித்திருந்தார். மாமா தன் மற்றப் பார்சலையும் மேசையில் வைத்தார்.

பின்னேரம் என் குசினியில் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தின்றபடி, "இது எந்தச் சங்கத்துக்கும் சேராது" என்றார்.

இன்றைக்கும் எந்த ஓடருக்கும் அவரிடம்தான் கணக்குக் கேட்கிறேன். அவர் சொன்னதற்கு மேல் இரண்டு பார்சல் கட்டுகிறேன். ஒன்று வெள்ளாமைக்கார மாமாவுக்கு, மற்றது மீன்கார மாமாவுக்கு.