உங்கள் சாவுக்கு என்ன பாட்டு?

ஆக்லாந்துத் தமிழர்களில், நிம்மதியாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய், "உங்கட சாவுக்கு என்ன பாட்டு வேணும்?" என்று கேட்டுவிட்டு, அடி வாங்காமல், அதே வீட்டில் உட்கார்ந்து இரண்டு இட்லியும் சாப்பிட்டுவிட்டு வந்த ஒரே மனிதர் அடித்தொண்டை அண்ணன்தான். இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய லைசென்ஸில் மட்டும் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். நகரப் பேருந்து ஓட்டினார். அவருடைய குரல் வயிற்றுக்கும் கீழே எங்கிருந்தோ கிளம்பி, வழியில் யாரையும் விசாரிக்காமல் நேராக வெளியே வரும். காலையில் பேருந்தில் ஏறுகிறவர்களுக்கு அவர் 'குட் மார்னிங்' சொன்னால், அவர்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் நிமிர்ந்து உட்காருவார்கள். மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷன் வந்துவிட்டது என்று அவர் அறிவிக்கும் தோரணையில், இறங்க வேண்டியவர்களுக்கே கொஞ்சம் தயக்கம் வந்துவிடும்.

அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவர் ஒரு பைத்தியத்தை வளர்த்துவந்தார். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் வளர்ந்த காஸ்பல் நால்வர் பாட்டு. நான்கு ஆண்கள், நான்கு குரல்கள், தேவைப்பட்டால் கைதட்டல். ஒருவர் உச்சியில் பறப்பார், ஒருவர் கதையைச் சொல்வார், ஒருவர் நடுவில் நிரப்புவார், கடைசி ஆள் அடியில் நடந்துகொண்டே மற்றவர்களுக்குப் பதில் சொல்வார். இளவயதில் யாரோ கொடுத்த ஒரு கேசட்டில் அண்ணன் இதைக் கேட்டாராம். அன்றைக்குப் பிடித்தது விடவே இல்லை. தமிழில் சொற்களை எழுதி, ஆள் பிடித்து, த்ரீ கிங்ஸ் பகுதியில் தன் வாடகை வீட்டு காரேஜில் ஒரு நால்வர் குழுவை நடத்திவந்தார்.

உச்சக்குரல், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மலேசியாக்காரர். கதை சொல்லும் குரல், எலெக்ட்ரீஷியனான பிஜிக்காரர். அவருடைய முன்னோர்கள் தமிழர்கள். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதிக்கொடுத்தால், எங்கள் எல்லோரையும்விடச் சுத்தமாகப் பாடுவார். நடுக்குரல் நான். கீழ்க்குரல் அண்ணன்.

நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. ஒரு நாள் அண்ணனுடைய பேருந்தில் உட்கார்ந்து மார்ட்கேஜ் விஷயமாக பேங்க்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இறங்கும்போது கையை நீட்டித் தடுத்தார்.

"தம்பி, உமக்கு நல்ல நடுக்குரல். சனிக்கிழமை காரேஜுக்கு வாரும்."

"அண்ணே, நான் முருகன் கோயிலுக்குப் போறவன்."

"போம். ஆர் வேண்டாமெண்டது? பாடிப்போட்டுப் போம்."

நடுக்குரலின் விசேஷம், அது இருந்தால் யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால்தான் தெரியும். வீட்டிலும் எனக்கு அதே வேலைதான் என்பதால் சுலபமாகப் பழகிவிட்டது.

எங்களை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டதில்லை. அண்ணன் அடியில் இருந்தால் கிறிஸ்துமஸ் பாட்டுகூட இழவு வீட்டுப் பாட்டு மாதிரிதான் கேட்கும். ஆகவே இழவுக்குக் கூப்பிட்டார்கள். அதில் ஒரு சிக்கல். இந்த ஊரில் சாவும் ஆபீஸ் நேரத்தில்தான் நடக்கிறது. தகனக்கூடத்தில் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத்தான் இடம் இருக்கிறது என்பார்கள். நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைக்க வேண்டும். நான் 'மாமா தவறிவிட்டார்' என்று லீவு கேட்டுக் கேட்டு, எங்கள் மேனேஜர் ஒரு நாள் மிகவும் அக்கறையாக, "உங்கள் குடும்பத்து ஆண்களெல்லாம் டாக்டரிடம் காட்டிக்கொள்கிறார்களா?" என்று விசாரித்தார்.

ஒரு சாவில் மலேசியாக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, பிஜிக்காரர் மோட்டார்வே நெரிசலில் மாட்டிக்கொண்டார். நடுக்குரலும் கீழ்க்குரலும் மட்டும் எழுந்து நின்றோம். பாட்டைச் சொல்லுகிற ஆள் இல்லை, நாங்கள் இருவரும் 'ம்ம்' என்றும் 'தும் தும்' என்றும் முழு ஐந்து சரணத்தையும் முடித்தோம். இறந்தவரின் தம்பி, வெளியே ஏதாவது ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

அன்று திரும்பும் வழியில் அண்ணன் தீர்மானம் போட்டார்.

"இனி செத்தாப்பிறகு ஓடித் திரியேலாது. இந்த வருசம் முழுக்கப் புதுப் பதிவு. ஆள் உயிரோட இருக்கேக்கையே கேட்டு, பாடி, பதிஞ்சு வைக்கிறம்."

"அண்ணே, கொன்னுடுவாங்க."

"அதுக்கு முதல் பதிஞ்சிடலாம்."

அப்படித்தான் அந்த இட்லி வீட்டில் ஆரம்பித்தது. அதற்கடுத்து பாட்டனி டவுன்ஸ் பகுதியில் ஓய்வு பெற்ற ஒரு அக்கவுண்டன்ட். கேள்வியைக் கேட்டதும் "வெளியே போய்யா!" என்று கதவைச் சாத்தினார். மறுவாரம் அவரே போன் செய்தார். மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று பாடிக் காட்ட முடியுமா, கேட்டுவிட்டு முடிவு செய்யலாமா என்றார். ஒரு அம்மா, பாட்டில் தன் பிள்ளைகளின் பெயரெல்லாம் வர வேண்டும், இரண்டாவது மகன் பெயர் மட்டும் வரக் கூடாது என்றார். கிறிஸ்துமஸுக்கு அந்த மகன் வந்து போன பிறகு, சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார். இன்னொருவருக்குத் தன் பாட்டு ரொம்பப் பிடித்துப்போய், எழுபதாவது பிறந்தநாளில் கேக் வெட்டும்போது அதைப் போட்டுவிட்டார். பாதிப் பேர் அழுதார்கள், மீதிப் பேர் கேக்கைப் பெரிய துண்டாக எடுத்துக்கொண்டார்கள்.

என்னையும் விடவில்லை. ஒரு தடவை வீட்டுக்கே வந்து, என் மனைவி முன்னாலேயே கேட்டார். "தம்பி, உமக்கு என்ன பாட்டு?"

"அண்ணே, எனக்கு நாப்பதுதான் ஆகுது."

"மேல இருக்கிறவர் வயசைப் பாத்தோ கூப்பிடுறார்?"

"வெள்ளிக்கிழமை அதுவுமா என்ன பேச்சுண்ணே இது!" என்று என் மனைவி காபியைக் கொண்டுவந்த வேகத்திலேயே திருப்பி உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

பதிவுக்கு எங்களுக்கு ஒரே எதிரி மழை. காரேஜுக்குத் தகரக் கூரை. ஆக்லாந்து மழை எப்போது வரும் என்று ஆக்லாந்துக்கே தெரியாது. ஆனால் அண்ணன் மழைக்காக ஒரு பதிவைக்கூடத் தள்ளிப்போட்டதில்லை. மழை வந்தால் அவருடைய வேனை எடுத்துக்கொண்டு கடைத்தொகுதியின் நிலத்தடி கார் நிறுத்தத்துக்குப் போவோம், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடுவோம். அதுவும் முடியாவிட்டால் நான்கு ஆண்களும் அவர் வீட்டு அலமாரி அறைக்குள், அவர் மனைவியின் புடவைகளுக்கு நடுவே நின்று பாடுவோம். அந்த வருஷத்துப் பாட்டுகள் பலவற்றை இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பாச்சை உருண்டை வாசனை வரும்.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். எங்கள் பதிவு இன்ஜினியர் அவர்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போனில் சிவப்புப் பொத்தானை அமுக்கி, "ம், தொடங்குங்கோ" என்பார். விமரிசகரும் அவர்தான். "அந்த மனுசன் ஒரு நாளும் சிரிச்சதை நான் காணேல்ல. பாட்டில மட்டும் என்னத்துக்குச் சிரிச்ச முகம்?" என்பார். அண்ணன் பேசாமல் வரியை மாற்றுவார். உலகத்தில் அந்தக் குரல் அடங்குகிற ஒரே இடம் அது.

குளிர்காலத்தில் அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. சாப்பாட்டுக் கோளாறு என்றுதான் நினைத்தோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமையும் அக்கா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பொத்தானை அமுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, ஊரில இருக்கிற எல்லாருக்கும் பாடிப்போட்டியள். என்ர பாட்டு எப்ப?"

"மழை பெய்யுது," என்றார் அண்ணன்.

உண்மையாகவே மழைதான். ஆனால் வேன் வெளியே நின்றுகொண்டிருந்தது. நாங்கள் மூவரும் வேனைப் பார்த்தோம். அவர் பார்க்கவில்லை.

மறுவாரம் தொண்டை சரியில்லை என்றார். அதற்கடுத்து ஷிப்ட் மாறிவிட்டது என்றார். ஒரு சனிக்கிழமை நல்ல வெயில். "இப்ப பெய்யும் பாருங்கோ," என்றார். ஆக்லாந்தில் இதை யாரும் மறுத்துப் பேச முடியாது.

அக்கா கடைசியில் பாட்டைத் தானே எழுதிவிட்டார். "செத்தாப்பிறகு நான் எப்பிடிக் கேக்கிறது? எனக்கு இப்ப கேக்கோணும்" என்றார். சின்னப் பாட்டுதான். கதை சொல்லும் குரல் கேட்க வேண்டும்: 'நடந்தது போதும் ஆண்டவரே, செருப்பைக் கழற்றவா?' கீழ்க்குரல் பதில் சொல்ல வேண்டும்: 'கழற்று மகளே, உள்ளே வா.' சரணத்துக்குச் சரணம் அதே கேள்வி, அதே பதில்.

அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டு வெகுநேரம் வேனின் டயரைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

பதிவு நாளில் மழை இல்லை, காற்றுகூட இல்லை. அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார். மெலிந்துபோயிருந்தார். "ம், தொடங்குங்கோ."

பிஜிக்காரர் கேட்டார்: "செருப்பைக் கழற்றவா?" நானும் மலேசியாக்காரரும் பின்னால் மெல்லச் சுருதி பிடித்துக்கொண்டு நின்றோம். அண்ணன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி கேள்வி. மறுபடி வாயைத் திறந்தார். பேருந்து நிறையப் பேரை நிமிர்த்தி உட்காரவைத்த அந்தக் குரலிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"மழைச் சத்தம்," என்றார்.

காரேஜ் வாசலில் வெயில் விழுந்து கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அக்கா பொத்தானை நிறுத்தவில்லை. "நீங்கள் மூண்டு பேரும் முழுசாப் பாடுங்கோ. அவற்ற இடம் அப்பிடியே கிடக்கட்டும்" என்றார். பாடினோம். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் ஒரு வெறும் இடத்தை விட்டுவிட்டுப் பாடி முடித்தோம். அண்ணன், எதிரொலியைத் தடுக்கச் சுவரில் தொங்கவிட்டிருந்த பழைய மெத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சில வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அக்கா காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றினார். அண்ணன் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நல்லா வந்திருக்குது தம்பி. ஆனா ஒண்டு. ஒவ்வொருக்காவும் கேள்வியைக் கேட்டுப்போட்டு வாசல்லயே நிக்கிறன். உள்ள வா எண்டு ஒருத்தரும் சொல்லினமில்ல."

சொல்லிவிட்டு அக்காதான் சிரித்தார். அந்த வாரமே அக்கா போய்விட்டார்.

வழக்கம்போல வேலை நாள், பதினொரு மணி. அதற்காகத்தானே பதிவு, யாரும் லீவு போடத் தேவையில்லை. ஆனால் மூன்று பேரும் போட்டிருந்தோம். மேனேஜர், இந்த முறை யார் என்று கேட்டார். அக்கா என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

வெளியே மழை. உள்ளே பாட்டைப் போட்டார்கள். பிஜிக்காரரின் குரல் கேட்டது: 'நடந்தது போதும் ஆண்டவரே, செருப்பைக் கழற்றவா?' பிறகு அந்த வெறும் இடம். கூரையில் மழை விழும் சத்தம் மட்டும். மறுபடி கேள்வி, மறுபடி வெறும் இடம். எங்கள் பாட்டை நாங்களே உட்கார்ந்து கேட்பது அத்தனை கொடுமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

கடைசிச் சரணம். 'செருப்பைக் கழற்றவா?'

முன்வரிசையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே, தலையைத் தூக்காமல், அண்ணன் சொன்னார்: "கழற்று மகளே... உள்ளே வா."

உரக்கப் பாடவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுகிற அளவுதான் இருந்தது. ஆனால் கடைசி வரிசை வரைக்கும் எல்லோருக்கும் கேட்டது. பிஜிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் வெட்கமில்லாமல் அழுதோம். அக்கா அதைக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

அதன் பிறகு அண்ணன் பேருந்தையும் விட்டார், காரேஜையும் விட்டார். பிரிஸ்பேனில் இருக்கும் மகள் வந்து தன்னோடு கூட்டிப்போய்விட்டாள். அந்த வருஷத்துப் பாட்டுகளுக்குச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பும்போது, தகனக்கூடத்தில் எங்கள் நாலு குரலும் கேட்கும். அக்கவுண்டன்ட்டுக்கு மெதுவானதைத்தான் போட்டார்கள். நான் அண்ணனுக்குப் போன் செய்து, உங்கள் குரல் நன்றாக விழுந்திருந்தது என்பேன். "ம்" என்பார். அந்த 'ம்'முக்கே என் போன் அதிரும்.

போன மாதம் எனக்கே என்ன தோன்றியதோ, ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, சொற்களை எழுதி அவருக்கு அனுப்பினேன். மனைவியிடம் சொல்லவில்லை. உங்கள் கீழ்க்குரலை மட்டும் போனிலேயே பாடி அனுப்புங்கள், மற்றதை நாங்கள் இங்கே சேர்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தேன். என்னை அத்தனை நச்சரித்த மனிதர், அன்றைக்கே பாடி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். பதிலே இல்லை. இரண்டு முறை நினைவூட்டினேன். நேற்று போன் செய்தேன்.

"அண்ணே, என் பாட்டு என்ன ஆச்சு?"

"இஞ்ச ஒரே மழை, தம்பி."

பேசிக்கொண்டே போனில் பிரிஸ்பேன் வானிலையைத் திறந்து பார்த்தேன். வாரம் முழுக்க வெயில்.

"சரிண்ணே," என்றேன். "மழை விட்டதும் பாருங்க. அவசரமே இல்ல."