கிராணி வீட்டுப் பழைய ஒயின்

“லெட்சுமி, இந்தச் சீசாவுல இருந்த ஒயின் எங்கடி?”

“அதுவா? தொறந்தே கெடந்துச்சு. மோந்து பாத்தேன், ஒரே புளிச்ச வாடை. அடியில மண்டி வேற. சாக்கடையில ஊத்திட்டுச் சாம்பல் போட்டுக் கழுவிட்டேன்.”

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் வீரமுத்து கிராணிக்கு உயிரே போய்விட்டது. சீமைக்கு லீவில் போன தோட்டத்துத் துரை கொடுத்த பழைய சிவப்பு ஒயின் அது. குடிக்குமுன் காற்றாட வைக்கவேண்டும் என்று துரை சொன்னதால்தான் மனிதர் மத்தியானமே தக்கையைப் பிடுங்கியிருந்தார்.

பொந்தியானிலிருந்து பழைய சிநேகிதர் ஐயாசாமி, சம்சாரம் கிருஷ்ணம்மாவோடு சாப்பிட வருகிறார். அவர் மகனுக்குக் கிராணியின் மகள் ராஜம்மாவைப் பேசி முடிக்கத்தான் இந்த விருந்து. போன மாதம் மூவாரில் பார்த்தபோது, “பழைய சிவப்பு ஒயின்னா... அடடா!” என்று சப்புக்கொட்டினாரே! அது இல்லையென்றால் மகள் கல்யாணம் என்னாவது?

“அலமாக்! வாசல்ல வண்டி சத்தம் கேக்குதுங்க!”

கிராணி அடுப்படிக்குள் பாய்ந்தார். ரோஸ் சிரப்பு, புளித்தண்ணீர், கடுங்கோப்பி எல்லாவற்றையும் சீசாவில் ஊற்றிக் குலுக்கினார். நிறம் வந்துவிட்டது. மற்றது முருகன் விட்ட வழி.

கோழிக்குழம்போடு கிளாஸ்கள் வந்தன. ஐயாசாமி தன் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், கண்ணை மூடினார்.

“ஆகா, ரோஜா வாசனை!”

“சீமை ரோஜாண்ணே!”

“அடியில என்னமோ கெடக்குதே?”

“வயசுண்ணே. இருபது வருஷத்துச் சரக்கு!”

சந்தேகமே வரக்கூடாதென்று கிராணி ரெண்டு கிளாஸை மடமடவென்று உள்ளே தள்ளிக் காட்டினார். புளிப்பு பல்லைக் கூசவைத்தது.

“தினம் குடிப்பீங்களோ?” என்றார் ஐயாசாமி.

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். விட்டால்தானே! “இது இல்லாம சோறே எறங்காதுண்ணே. சிங்கப்பூர்லேருந்து பெட்டி பெட்டியா வருது.”

பரிமாற வந்த சம்சாரம் தனலெட்சுமி கிராணியின் காலை ஓங்கி மிதித்தாள். இன்னும் கொஞ்சம் எடுத்துவிடச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார் அந்தப் புத்திசாலி.

“வீட்டுல பொம்பளைங்களும்...?”

“இவ ரெண்டு கிளாஸ் போடுவா. ராஜம்மாகூட ஞாயித்துக்கெழமையானா ஒண்ணு. வெள்ளக்காரன் பழக்கம்லா!”

தனலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். ஐயாசாமி கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டுச் சம்சாரத்தைப் பார்த்தார். அதுவரை தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த கிருஷ்ணம்மா எழுந்து கை கழுவினாள்.

“எங்க வீட்டுக்காரரு பொறந்ததுலேருந்து ஒரு சொட்டுத் தொட்டதில்லண்ணே, பொண்ணு பாக்குற எடத்துலயெல்லாம் ஒயினப் பத்திப் பேசுங்கன்னு சொல்லி அனுப்புறதே நான்தான், ஒரு வீட்டுலயாவது ‘எங்ககிட்ட அதெல்லாம் இல்லண்ணே’ன்னு சொல்வாங்களான்னு பாத்தா, ம்ஹும்!”