கம்பெனிக்கே காய்ச்சல் வரவைத்தவள்

எழுதக் கற்றுத்தருகிறவர்களுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கும். எனக்குத் தூக்கலாகவே இருந்தது. (இப்போது இல்லையா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடாதீர்கள்.)

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனி. தொழிலாளர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லித்தர வேண்டும். ஒரு வாரம் பார்ப்பார்கள், பிடித்தால்தான் வேலை. பி.எட். முடித்துச் சும்மா கிடந்த எனக்கு அந்த வேலை உயிர். பெரியபாளையத்தில் பஸ் ஏறும்போதே அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

நான் எப்படிப் படித்தேனோ அதுதான் என் முறை. போர்டில் மாதிரி எழுதுவேன், அவர்கள் பார்த்து எழுத வேண்டும். மாதிரி எது? பள்ளிக்கூடம் போன எவருக்கும் தூக்கத்திலும் வருமே, அந்த லீவ் லெட்டர். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...' வகுப்பே குனிந்து எழுதியது. "மீதியை எழுதி முடிச்சுக் காலையில குடுத்துடுங்க" என்று கம்பீரமாகக் கிளம்பினேன்.

லீவ் லெட்டரை, வருகையும் லீவும் பதிகிற டைம் ஆபீசில் கொடுப்பதுதானே வழக்கம்? காலையில் வந்ததும் அங்கேயே கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் போனால் கொசு மருந்துப் புகையில் கம்பெனி கேட்டே தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கேன்டீனுக்குப் பூட்டு. ஒரே நாளில் இத்தனை பேருக்குக் காய்ச்சல் என்றால் மேனேஜர் வேறு என்ன செய்வார், பாவம்! விஷயம் தெரிந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டு, இதுதான் எழுதக் கற்றுத்தருகிற லட்சணமா என்றார். எனக்கு நிஜக் காய்ச்சலே வந்துவிடும் போலிருந்தது.

போகிற வேலைதானே என்று ஒரு குருட்டுத் தைரியம். அரைமணி நேரம் கேட்டு வாங்கினேன். காலையிலிருந்து நடந்ததை அவரவர் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன்.

வெல்டர் மஸ்தான் பாய் திகைத்துப்போனார். "போர்டுல ஒண்ணுமே இல்லியே மிஸ், இன்னாத்த பாத்து எழுதறது?"

"வெளியே புகை இருக்குல்ல, அதைப் பாத்து எழுதுங்க."

முதலில் தமிழில் பேசிச் சிரித்தார்கள். பிறகு எழுதினார்கள். மஸ்தான் பாய் எழுதியதை மேனேஜர் உரக்கப் படித்தார்: 'நோ ஃபீவர். ஒன்லி ஹங்ரி. மிஸ் குட். ஓபன் கேன்டீன்.'

படித்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். கேன்டீன் திறந்தது, எல்லோருக்கும் நாஷ்டா கிடைத்தது, எனக்கு வேலை கிடைத்தது! அன்றைய பொங்கல் மாதிரி ஒரு பொங்கலை நான் இன்றுவரை சாப்பிட்டதில்லை.

இன்றைக்கு ஷிஃப்ட் ரிப்போர்ட்டை அவர்களே ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். என் போர்டில் மாதிரி கிடையாது. போன மாதம் எனக்கு அசல் காய்ச்சல். கைப்பழக்கத்தில் அந்தப் பழைய வரியையே எழுதி, வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். அவர் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். டைம் ஆபீசில் சொன்னதை இன்னமும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்:

"மிஸ்ஸ சொந்தமா எழுதித் தரச் சொல்லு சார்."