வேணாம் அண்ணனின் லென்ஸ் கடை

வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதற்கென்றே சிங்கப்பூரில் ஒருவர் கடை வைத்திருந்தார் என்றால் நம்புவீர்களா? வைத்திருந்தார். தேக்காவில் ஒரு பழைய கடைத்தொகுதியின் இரண்டாம் மாடியில், தையல் கடைக்குப் பக்கத்தில். பழைய கேமரா லென்ஸ்களை வாங்கி விற்கும் கடை. அவர் பெயர் பலகையில் இருந்தது, யாரும் படித்ததில்லை. எதைக் கேட்டாலும் 'வேணாம்' என்பார். அதனால் எங்களுக்கெல்லாம் அவர் வேணாம் அண்ணன்.

கணினி வேலைக்குப் புதிதாக ஊரிலிருந்து வந்த ஒரு பையன், கண்ணாடி அலமாரியில் முழங்கை நீளத்துக்கு இருந்த லென்ஸைக் காட்டி, பறவைகளைப் படம் எடுக்க வேண்டும் என்றான். எந்தப் பறவை என்று கேட்டார். ஏதாவது பறவை என்றான். "வேணாம். கீழ சந்தைக்கிட்ட புறா இருக்கு. போய் சும்மா உட்காரு, அதுவே உன் மடிக்கு வரும் லா" என்று அனுப்பிவிட்டார். பக்கத்துத் தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் வாடகை எப்படிக் கட்டுகிறார் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது.

விற்பதற்கு முன் அவர் வைக்கும் பரீட்சை ஒன்று உண்டு. கேமராவோடு சேர்ந்து வந்த சாதாரண லென்ஸைக் கொண்டுவரச் சொல்வார். கிட்டம் தூரம் மாற்றும் ஜூம் வளையத்தை ஓர் எண்ணில் நிறுத்தி, அசையாதபடி கறுப்பு டேப் ஒட்டிவிடுவார். ஒரு வாரம் அப்படியே வெளியில் சுற்ற வேண்டும். அடுத்த வாரம் வேறொரு எண். எந்த எண்ணில் நமக்குக் கை படிகிறதோ, அந்த லென்ஸை மட்டும்தான் தருவார். எனக்கு ஐம்பதில் ஒட்டினார். ஐம்பதில் எல்லாம் கிட்டத்தில் தெரியும். படத்துக்குள் ஆளை அடைக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து, கிளமெண்டி ஈரச்சந்தையில் ஒரு மீன்காரரின் ஐஸ் பெட்டியில் போய் உட்கார்ந்தேன்.

சரக்கையெல்லாம் முறுக்கு டின்களில்தான் வைத்திருப்பார். உள்ளே, காலணிப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். இந்த ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்பது அவருடைய தீராத கவலை. பழைய லென்ஸ் எது வந்தாலும் டார்ச் அடித்து, டாக்டர் தொண்டையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

இனி என் கதை. என் மனைவி மல்லிகாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஓட்டமெல்லாம் இனி சந்தேகம்தான் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அவள் என்னிடம் கேட்காமலே ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டு ஆல்பத்தில் அவள் முழுசாக இருந்ததே இல்லை. பினாங்கில் தலை இல்லை, செந்தோசாவில் கண் மூடியிருக்கும். "இந்த ஒரு தடவை என்னை ஒழுங்கா எடுங்க. மறுபடி ஓடுவேனான்னு எனக்கே தெரியாது" என்றாள்.

பயந்துபோய் அண்ணனிடம் ஓடி, விஷயத்தைச் சொல்லி அந்த முழங்கை நீள லென்ஸைக் கேட்டேன்.

"வேணாம். ஓட்டம் முடியிற இடத்துல தடுப்போரமா நிக்கப் போறீங்க. அவங்க மூணு மீட்டர்ல வருவாங்க. இதுல எடுத்தா மூக்குத்தி மட்டும்தான் விழும், தம்பி."

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருக்கு எல்லாரும் தம்பிதான். நான் டேப் ஒட்டிச் சுற்றிய அதே ஐம்பது எம்எம்மில், உடம்பெல்லாம் கீறல் விழுந்த லென்ஸ் ஒன்றை டின்னிலிருந்து எடுத்தார். வெளியில் கீறல் இருந்தால் விலைதான் குறையும், படம் குறையாது என்றார். இருந்ததிலேயே மலிவான லென்ஸ் அது. கூடவே ஒரு கட்டளையும் போட்டார்: ஏர்கான் குளிரிலிருந்து வெளியே வந்ததும் கேமராவை எடுக்கக் கூடாது, அரை மணி நேரம் பைக்குள்ளேயே கிடக்கட்டும்.

மறக்கக் கூடாததை மறப்பதில் நான் கெட்டிக்காரன். ஏர்கான் ஓடிய படுக்கையறையில் கேமரா, ஏர்கான் டாக்சியில் மடியில் கேமரா. கடைசி நேரத்தில் போய் இறங்கி, தடுப்போரம் இடம் பிடித்ததுமே பையைத் திறந்து கேமராவை எடுத்தேன். குளிர்ந்திருந்த லென்ஸில் வெளிக்காற்று பட்டதும் ஒரே பனி. சட்டையால் துடைத்தேன், மறுபடி பூத்தது. தூரத்தில் ஆரஞ்சு பனியன். மல்லிகா லேசாக நொண்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"துடைக்காதீங்க, போகாது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வேணாம் அண்ணன். லென்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வந்தாராம். விடியற்காலையிலிருந்து வெளியிலேயே உட்கார்ந்திருந்ததால் அவர் கழுத்தில் தொங்கிய கேமரா தெளிவாக இருந்தது. அதற்குக் கை நீட்டினேன்.

"வேணாம். நீங்க கையத் தட்டுங்க. அவங்க உங்களைத்தான் தேடுறாங்க, கேமராவை இல்ல."

தட்டினேன். தொண்டை கிழியக் கத்தினேன். மல்லிகா என்னைப் பார்த்துவிட்டாள்.

அந்த நொடியில் அண்ணன் பக்கவாட்டில் நகர்ந்து எடுத்த படம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. இரண்டு கையையும் தூக்கிச் சிரித்துக்கொண்டு அவள், தடுப்புக்கு இந்தப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நான், என் கழுத்தில் பனி மூடிய கேமரா. "கல்யாணத்துக்கு அப்புறம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்த படம் இதுதாங்க" என்றாள் மல்லிகா. யோசித்துப் பார்த்தால் உண்மைதான். மற்ற எல்லாவற்றிலும் நான் கேமராவுக்குப் பின்னால் அல்லவா நின்றிருக்கிறேன்!

போன வருடம் அண்ணன் கடையை மூடிவிட்டு, ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கடைசி நாளன்று போய், அந்தக் கீறல் லென்ஸை மாட்டி, உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். 'வேணாம்' என்று கையை முகத்துக்கு நேரே நீட்டினார். நான் அழுத்திவிட்டேன்.

அவருடைய படம் என்று என்னிடம் இருப்பது அந்த உள்ளங்கை மட்டும்தான். ஒவ்வொரு ரேகையும் தெளிவாக விழுந்திருக்கிறது. கைப்பேசியில் அதைத்தான் முகப்புப் படமாக வைத்திருக்கிறேன்.