ஊர் எந்த வீட்டில் இருக்கிறது

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் பிரியமான தம்பி எபனேசருக்கு அண்ணன் வேதமுத்து எழுதிக்கொள்வது. அவர் கிருபையில் நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருப்பீர்கள். நானும் உன் மைனியும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை, சுகமில்லை.

நம் மகள் ஸ்டெபிக்கும் மணிராஜுக்கும் போன ஞாயிறு கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்த விவாகத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் கேட்டபோது ஒருவர்கூட இருமவில்லை. ஆராதனை முடிந்ததும் ஒருவர்கூட எங்களிடம் பேசவுமில்லை. பையன் நம் சபைதான், ஆனால் நம் ஆட்கள் இல்லையே. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்பதெல்லாம் பிரசங்கம் முடியுமட்டும்தான். கல்யாணத்துக்கு அழைக்கப் பேட்டைக்குப் போனால், நம் ஞானசௌந்தரி அக்காள், "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, பையன் தங்கம். எஸ்றா அண்ணாச்சி மொகத்துல எப்படி முழிக்க?" என்கிறாள். சபை மூப்பர் எஸ்றா அண்ணாச்சியிடம் ஓடினேன். அவருக்கும் ஒன்றுமில்லையாம், குருவானவர்தான் சங்கடப்படுவாராம். குருவானவருக்கோ சந்தோஷம்தானாம், ஆனால் உங்க அக்கா குடும்பத்து மனசு நோகப்படாது பாருங்க, சத்தமில்லாம ஒரு வியாழக்கிழமை வச்சுக்கிடலாம் என்கிறார். மறுபடியும் பேட்டைக்கா போக? சட்டையைப் பிடிச்சு நாலு கேள்வி கேக்கலாம்னா ஒரு பய அகப்பட மாட்டேங்கான். தனித்தனியா எல்லாரும் தங்கமா இருக்கானுவ, ஒண்ணாச் சேந்து எம்மவ கல்யாணத்தை எழவு வீடா ஆக்குதானுவ.

நீ மெட்ராஸ்ல சமூகவியல் பேராசிரியன், உனக்குத் தெரியுமேன்னு போன் போட்டேன். எங்க படிப்பு தனி ஆளைப் பாக்காதுண்ணே, சமூகத்தைத்தான் பாக்கும், ஒருத்தரும் நினைக்காததை எல்லாருமாச் சேந்து செஞ்சிருவாங்கன்னு பாடம் நடத்துனே. அதோட நிறுத்தியிருந்தா உன்னைக் கும்பிட்டிருப்பேன். "எனக்கு ஒண்ணுமில்லண்ணே, மாமனார் வீட்டுலதான் ஒரு மாதிரி பேசுவாங்க, நான் வரல"ன்னு முடிச்ச பாரு. உங்க படிப்பு ஏன் தனி ஆளைப் பாக்காதுன்னு இப்பம்லா தெரியுது. பாத்தா மொகத்துல காறித் துப்பணும்லா?

நீ வராவிட்டாலும் உன் பிள்ளைகளைக் கர்த்தர் குறைவில்லாமல் நடத்துவாராக. உன் மைனி விசாரித்ததாக எழுதச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்
வேதமுத்து

பி.கு.: இதை ஸ்டெபி வாசித்துவிட்டு, சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மறுவீட்டுக்கு அவுக வீட்டுல வந்து கை நனைப்பீங்கல்லாப்பா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றுமில்லை தாயி, உன் அம்மா வீட்டு ஆட்கள் என்ன நினைப்பார்களோ என்றுதான் பார்க்கிறேன் என்றேன். அவள் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "நீங்க பேட்டை வரைக்கும் போயிருக்க வேண்டாம்ப்பா" என்றாள்.