பச்சைப் புடவைக்கு வாங்கிய வக்காலத்து

தங்க முத்திரை குத்திய எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் என் புத்தி கொஞ்சம் கழன்றுவிடும். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான், திடீரென்று 'பாராலீகல்' ஆகப் போவதாக வீட்டில் அறிவித்தேன். (வக்கீல் அலுவலகத்தில் வாதாடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்கிற ஆள்.) என்ன படிக்கலாம் என்று தேடியதில் இரண்டு தேறின. ஒன்று, அஞ்சல்வழிச் சட்ட டிப்ளமா. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, பழுப்புத் தாளில் தமிழ்ப் பாடம். இன்னொன்று, ஆன்லைனில் 'சர்வதேச' சான்றிதழ். அதன் விளம்பரத்தில் கோட்டு போட்ட ஒரு பெண் கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம தாம்பரம் கோர்ட்டுக்கு எது உதவும்னு ஒரு வக்கீலைக் கேட்டுட்டுச் சேரேன்," என்றார் என் கணவர்.

"உங்களுக்குத் தாம்பரத்தைத் தாண்டி யோசிக்கவே வராதா?" என்றேன்.

எதில் சேர்ந்தேன் என்று சொல்லவும் வேண்டுமா? சில மாதங்களில் அமெரிக்க நீதிமன்ற நடைமுறை எனக்கு அத்துப்படி. தங்க முத்திரை குத்திய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சிட்லபாக்கம் வீட்டு ஹாலில் மாட்டினேன். படித்ததும் சட்டம், மாட்டியதும் சட்டம்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு வக்கீல் மேடம், "ஒரு வாரம் வந்து பாரும்மா, சரிப்பட்டா வச்சுக்கறேன்," என்றார். தொழிற்சாலையில் என் நாற்காலியில் அதற்குள் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். இந்த வேலையும் போனால் வீட்டில் சான்றிதழைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது.

முதல் நாளே கோர்ட்டுக்கு அழைத்துப் போனார். வழியில், "பாவம் அந்தம்மா. கூடப் பிறந்தவனே பெருங்களத்தூர் வீட்டை எழுதி வாங்கிட்டான்," என்று வழக்கைச் சொன்னார். உள்ளே நுழைந்ததும் வேறொரு வழக்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். என் கையில் ஒரு ஃபைலைத் திணித்து, "அதோ, பச்சைப் புடவை. அந்தம்மாவுக்கு வக்காலத்து வாங்கிடு," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

எனக்குத் தெரிந்து வக்காலத்து வாங்குவது என்றால் ஒன்றுதான். மாமியாரிடம் நாத்தனாருக்காக, டீச்சரிடம் பிள்ளைக்காகப் பரிந்து பேசுவது. அதில் எனக்கு அனுபவம் உண்டு.

பச்சைப் புடவைக்குப் பக்கத்தில் அதே மூக்கோடு ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆக, இவன்தான் அந்தக் கூடப் பிறந்தவன்!

"ஏன் சார், சொந்த அக்காவை ஏமாத்திட்டு அவங்க பக்கத்துலயே உக்காந்து டீ குடிக்கறீங்களே, தொண்டையில எறங்குதா?" என்று ஆரம்பித்தேன். கோர்ட் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. ரத்த பாசம், மனசாட்சி, பெண்ணுரிமை எல்லாவற்றையும் அள்ளி வீசினேன்.

"இன்னாம்மா பேஜாரா கீது!" என்று அவர் எழுந்தார். "வூட்ட எழுதி வாங்கனது எங்க அண்ணன். நான் தம்பி. அக்காவ என் ஆட்டோல இட்டாந்தவனே நான்தான். எந்திரிக்கா, இந்த வக்கீலே நமக்கு வேணாம்."

கிளம்பியே விட்டார்கள். அந்த நேரம் பார்த்து மேடம் வெளியே வந்தார்.

"வக்காலத்து வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன் மேடம். கொஞ்சம் அதிகமாவே."

"எங்கே?"

"இங்கேயேதான், எல்லார் முன்னாடியும்."

அவர் ஃபைலைத் திறந்தார். 'வக்காலத்து' என்று தலைப்பிட்ட தாள் பளிச்சென்று காலியாக இருந்தது. "இதுல கையெழுத்தும்மா! அவங்களுக்காக நான் ஆஜராகலாம்னு அவங்க போடற கையெழுத்து!"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தத் தாளோடு வாசலுக்கு ஓடினேன். கிளம்பிய ஆட்டோவின் குறுக்கே போய் நின்று, தம்பியிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காதான் சிரித்துவிட்டார். "வுட்றா. எனக்காக இவ்ளோ சத்தம் போட்டாளே, நீ கூட உங்க அண்ணன்கிட்ட இப்டிக் கேக்கல," என்று சொல்லி, ஆட்டோ சீட்டில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மேடம் தாளை வாங்கிக்கொண்டு கேட்டார். "உன் கோர்ஸ்ல இதைச் சொல்லித் தரலையா?"

"அது அமெரிக்கச் சட்டம் மேடம்."

"அங்கேயும் கட்சிக்காரர் தம்பியைத் திட்டச் சொல்லியிருக்க மாட்டாங்களே!"

வேலை போகவில்லை. ஆனால் அஞ்சல்வழி டிப்ளமாவில் சேர்ந்த ரசீதைக் காட்டிய பிறகுதான் மறுபடி ஃபைலைத் தொட விட்டார். பழுப்புத் தாள் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே வக்காலத்து உட்கார்ந்திருந்தது.

இன்றும் அதே அலுவலகம்தான். கோர்ட்டில் என் மானம் ஒருவழியாகத் தேறிவிட்டது, நடந்ததை நானே சொல்லித் தொலைத்ததால் வீட்டில்தான் தேறவில்லை. போன வாரம், மார்க் குறைந்ததற்காக மகளை என் கணவர் திட்டினார். "குழந்தையை விடுங்க," என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம். அதுவரை அழுதுகொண்டிருந்த மகள் மூக்கை உறிஞ்சியபடியே எழுந்து போய், ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"முதல்ல என்கிட்ட கையெழுத்து வாங்கிக்கோம்மா. அப்புறம் அப்பாவைத் திட்டு."